காசிம் அண்ணன் காருக்கு ஆளுக்கொரு கப் எண்ணெய்

என் பிரியத்துக்குரிய காசிம் அண்ணனுக்கு,

முதலில் செய்தி. இன்று காலை உங்கள் பழைய டீசல் கார் டத்தோ கிராமாட் வீட்டிலிருந்து சூலியா தெரு வரை போய்த் திரும்பியது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும், சந்திப்புகளில் வண்டி நின்றபோதும், எண்ணெய்க் குடுவை படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. தகவல் தந்தவர், காரை ஓட்டிய மைமூன் அண்ணி. பக்கத்து ஆசனத்தில் இருந்த நானும் பார்த்தேன். இரண்டு பேர் சொல்லாத எதையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது நம் மேசையின் பழக்கம். இது தேறிவிட்டது.

ஆமாம் அண்ணே, ஓட்டியது அண்ணிதான். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில வரிகள். காசிம் அண்ணன் பத்திரிகைப் புகைப்படக்காரர், நான் நிருபர். பினாங்குத் தீவில் வெள்ளம், கடையடைப்பு, தைப்பூசம், தேர்தல் என்று எது நடந்தாலும் அவர் காரில்தான் போனோம். அவர் ஓட்டுவார், நான் இடப்பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். கடைசிவரை நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படவும் இல்லை. அவர் இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது.

நீங்கள் போனதும் அண்ணி, கணவரை இழந்த பெண்கள் இருக்கும் இத்தா இருந்தார். வீட்டை விட்டு வெளியே போகாத அந்த மாதங்களில் கார் போர்ச்சிலேயே நின்றது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று பக்கத்து வீட்டுக் குணாளன் வந்து ஓட விடுவார். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹமீது அண்ணனும் வருவார், ஒரு சுற்று போய்விட்டு வருவார். அண்ணி சன்னலுக்குப் பின்னால் நின்று சத்தத்தைக் கேட்பாராம். "அந்தச் சத்தம் கேட்டா, பேப்பர் வாங்கத்தான் போயிருக்காருன்னு தோணும் சரோ" என்று ஒருநாள் சொன்னார்.

இத்தா முடிந்த அடுத்த வாரம் அண்ணி ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் மகன் ரியாஸிடமும் சொல்லவில்லை. முதல் தேர்வில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. இரண்டாவது தேர்வில் உருளவில்லை. தேர்வு எடுத்த அதிகாரி, "மாக்சிக், இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன்?" என்று மலாயில் கேட்டிருக்கிறார்; மாக்சிக் என்றால் பெரியம்மா. அண்ணி சொன்ன பதில்: "இவ்வளவு நாள் எனக்கு டிரைவர் இருந்தாரு."

அன்றிலிருந்து அண்ணி ஓட்டுகிறார். பாசார் சந்தைக்கு, தங்கை வீட்டுக்கு, கெலுகோரில் என் வீட்டுக்கு. சில நாள் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்கும். எங்கே போகிறோம் என்று கேட்டால், "ஏறு முதல்ல" என்பார். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஒரே வித்தியாசம், அண்ணி மூன்றாவது கியருக்கு மேல் போக மாட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். மலைப்பக்கம் போய்விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தோம். நல்ல வெயில். ஒரு சந்திப்பில் நின்றபோது அந்தச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது.

"சரோ, இது என்னா கண்ணடிக்குது?"

"எனக்கு என்ன அண்ணி தெரியும். நான் சும்மா ஒக்காந்து வர்றவ."

அண்ணி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தார். விளக்கு அணைந்தது. "பாத்தியா, ஒரு மிரட்டு மிரட்டுனா அடங்கிருது" என்றார். காலை எடுத்ததும் மறுபடி எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி காரின் பின்பெட்டியைத் திறந்து ஏதோ செய்தார். நான் உள்ளே போய் விசிறியைப் போட்டுக்கொண்டேன். அங்கே என்ன செய்தார் என்று அப்போதே போய்ப் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் பாதியாகக் குறைந்திருக்கும்.

அடுத்த சில நாள்களில் விளக்கு இன்னும் அடிக்கடி எரிந்தது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. சூடேறி, சந்திப்பில் நின்றால்தான். டயருக்குக் காற்றடிக்கப் போன கடையில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சினைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னார். "பேரிங் தேஞ்சு போச்சு ஆன்ட்டி. எண்ணெய் அழுத்தம் நிக்கல. எஞ்சின எறக்கணும். இந்த வயசு கெரேத்தாவுக்கு, பழைய காருக்கு, அதெல்லாம் வீண் செலவுலா."

இதை அண்ணி ஃபோனில் ரியாஸிடம் சொல்லிவிட்டார். அவன் அன்று இரவே முடிவு செய்துவிட்டான்.

"அம்மா, பாலத்து நடுவுல எஞ்சின் புடிச்சுக்கிட்டா என்னா செய்வீங்க? பின்னால லோரி வரும். வேணாம்மா. அத்தா கார் ஓடுன வரைக்கும் போதும். வர்ற மாசம் மொத சனிக்கிழம வரேன். பழைய இரும்பு எடுக்குறவர்கிட்ட பேசிட்டேன். நீங்க ஃபோன்ல வண்டி கூப்பிட்டுக்குங்க, நான் பாத்துக்குறேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை அண்ணே. எண்ணெய் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் ஓடினால் இரும்பும் இரும்பும் உரசி ஒட்டிக்கொள்ளும் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவனுக்கு இருப்பது ஒரு அம்மாதான்.

அண்ணி மகனிடம் எதிர்த்துப் பேசவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னார்: "ஃபோன்ல வண்டி கூப்பிட்டா எங்க போறோம்னு மொதல்லயே சொல்லணுமாம் சரோ. எனக்குப் பல நாளு கெளம்புனப்புறம்தான் எங்க போறேன்னே தெரியுது."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. அந்த எஞ்சின் செத்துவிட்டது என்பதற்கு நம்மிடம் இருப்பது ஒரு விளக்கும், பானெட்டுக்கு மேலே எட்டிப் பார்த்த ஒருவரின் வாயும் மட்டுமே. விளக்கு பொய் சொல்லலாம். கடைக்காரர் அதைத்தான் திருப்பிச் சொன்னார். அது இரண்டாவது சாட்சி ஆகாது. இப்படி ஒரு மரணச் செய்தியை நாம் எந்த நாளும் போட்டதில்லையே?

ஜெலுத்தோங்கில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேகரைக் கூப்பிட்டேன். உங்களுக்கு அவரைத் தெரியாது, நீங்கள் போன பிறகு எனக்குப் பழக்கமானவர். வேலை சுத்தம், வாய் அதைவிட அதிகம். நிலவரத்தைச் சொன்னதும், "அக்கா, சாவியப் புடுங்கி வைங்க. ஓட்டிக்கிட்டு வராதீங்க. நானே இழுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். இழுவை லோரியோடு வந்தார். குணாளன் அன்று ஆலையில் இரவு வேலை, பகலில் வீட்டில் இருந்தார். கயிறு கட்ட உதவியவர் எங்களோடு ஏறிக்கொண்டார். கார் லோரியின் முதுகில் ஏறிப் போவதைத் தெருவே பார்த்தது. அண்ணி முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "தூக்கிட்டுப் போறாங்க பாரு, கல்யாண மாப்பிள்ள மாரி" என்றார். சிரித்தார், ஆனால் கையில் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வொர்க்‌ஷாப்பில் சேகர் முதலில் செய்தது எனக்குப் பிடித்தது. எஞ்சின் பக்கவாட்டில் விளக்குக்குச் செய்தி அனுப்பும் சின்ன உணரி ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அதே ஓட்டையில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும், குழாயோடு கூடிய ஒரு முள் மானியை மாட்டினார்.

"இந்த உணரி கெட்டுப் போனாலும் வெளக்கு எரியும் அக்கா. பாதி பேரு இது ஒன்னு கெட்டதுக்கே எஞ்சின மாத்திருவாங்க. இந்த முள்ளு யாருக்கும் பயப்படாது."

"ரெண்டாவது சாட்சி" என்றேன்.

"என்னா சாட்சியோ. ஸ்டார்ட் பண்ணுங்க மா."

அண்ணி முடுக்கினார். குளிர்ந்த எஞ்சினில் முள் கம்பீரமாக மேலே ஏறியது. குணாளன், "பாத்தீங்களா, காசிம் அண்ணே வண்டிக்கு ஒன்னும் இல்ல" என்றார். சேகர் பேசாமல் இருங்கள் என்று கை காட்டினார். எஞ்சின் சூடாகச் சூடாக முள் இறங்கிக்கொண்டே வந்தது. முழுச் சூட்டில், வெறுமனே ஓடும்போது, அரை பார் அழுத்தத்துக்கும் கீழே வந்து நடுங்கியது. நிலையாக நிற்கவில்லை, நடுங்கியது. அது முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆக முதல் உண்மை உறுதியானது. விளக்கு பொய் சொல்லவில்லை. அழுத்தம் உண்மையாகவே குறைவு. அண்ணி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கவே இல்லை, ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சேகர் கொஞ்ச நேரம் விட்டு, எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தார். துடைத்தார், மறுபடி விட்டு இழுத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"கொறஞ்சிருக்கா?" என்றேன்.

"கொறையவா? மேல் கோட்டத் தாண்டி ரெண்டு வெரல் நிக்குது."

எண்ணெய் விளக்கு எரிந்தால் எண்ணெய் குறைவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீங்களும் ஒருநாளும் வேறு மாதிரி சொன்னதில்லை. சேகர் முகத்தைப் பார்த்தால், இது அதைவிடக் கெட்ட செய்தி போலிருந்தது.

"டீசல் எறங்குதுன்னு நெனைக்கிறேன் அக்கா. பழைய டீசல் எஞ்சின்ல, டீசல் அடிக்கிற பம்புல சீல் போனா, டீசல் கொஞ்சம் கொஞ்சமா எண்ணெய்யோட போய்க் கலக்கும். அளவு ஏறும், எண்ணெய் தண்ணியா போயிரும். அப்புறம் அழுத்தம் எங்க நிக்கும்? பம்பக் கழட்டணும். இவ்ளோ நாளு இப்படி ஓடியிருந்தா பேரிங்கும் அடி வாங்கியிருக்கும்."

"அப்ப அந்த டயர் கடைக்காரரு சொன்னது சரியா?" என்று காருக்குள்ளிருந்து அண்ணி கேட்டார்.

சேகர் என்னிடம் திரும்பி, "பழைய பேப்பர் இருக்கா?" என்றார்.

அண்ணே, என்னிடம் போய் இதைக் கேட்கலாமா? என் பையில் முந்தின நாள் பத்திரிகை இருந்தது. விளையாட்டுப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். சேகர் கம்பியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை அதன் ஓரத்து வெற்றிடத்தில் விட்டார். டீசல் கலந்திருந்தால், கறுப்புப் பொட்டைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று பரவும் என்றார். மூன்று பேரும் குனிந்து ஒரு சொட்டு எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாக்கு எண்ணிக்கை இரவுகளில் அறிவிப்புப் பலகையைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

வளையம் வரவில்லை. பொட்டு பொட்டாகவே நின்றது. சேகர் கம்பியை முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். டீசல் வாடை இல்லை. ஆனால் விரலில் தேய்த்துப் பார்த்தபோது எண்ணெயில் பொடிப்பொடியாகக் குமிழிகள் இருந்தன.

"டீசல் இல்லன்னா, இவ்ளோ எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு? மழையில பெஞ்சுதா?" என்று சேகர் தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

அப்போது அண்ணி காருக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "நான் நேத்து ஊத்துனேன்."

"எவ்ளோ மா?"

"ஒரு கப்பு. வெளக்கு எரிஞ்சுச்சுல்ல. அதுக்கு முந்தின நாளும் ஒரு கப்பு."

குணாளன் தலையைச் சொறிந்தார். "நான் வெள்ளிக்கிழம ஊத்துனேன் அக்கா. எங்க அப்பாவ டயாலிசிஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்ல. எப்பவும் வண்டி எடுத்தா ஒரு கப்பு ஊத்திருவேன். அதானே பழக்கம்."

சேகர் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்னா பழக்கம்?"

அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. உங்கள் கார் எத்தனை காலம் எண்ணெய் சொட்டிக்கொண்டு திரிந்தது என்று எனக்கே நினைவில்லை. எஞ்சினின் பின்பக்கம் இருக்கும் சீல் தேய்ந்து, நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். அலுவலக வாசலில் புதுப் பொட்டு இருந்தால் காசிம் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். தண்ணீர்மலை அடிவாரத்தில் தைப்பூசக் கூட்டத்தில் உங்களைத் தொலைத்தபோது, பொட்டைத் தொடர்ந்து போய்க் காரைக் கண்டுபிடித்தேன். அதனால் நீங்கள் ஒரு சட்டம் வைத்திருந்தீர்கள். காரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வாடகை இல்லை, டீசல்கூட வேண்டாம். திருப்பி நிறுத்தும்போது பின்பெட்டியில் இருக்கும் மஞ்சள் கப்பால் ஒரு கப் எஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டும். அளவுக் கம்பியைப் பார்க்கச் சொல்லவில்லை. "நீங்கல்லாம் அதப் பாத்தா ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லுவீங்க, ஊத்திட்டுப் போங்க" என்பீர்கள்.

நீங்கள் போன பிறகும் அந்தச் சட்டத்தை யாரும் மீறவில்லை அண்ணே. மீற மனம் வரவில்லை என்பதுதான் சரி.

ஹமீது அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம்.

"அண்ணே, காசிம் அண்ணே கார்ல நீங்க எண்ணெய் ஊத்துனீங்களா?"

"இது என்னா கேள்வி சரோ? ஊத்தாம நிறுத்துவேனா? இத்தா நேரத்துல சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைச்சப்பகூட ஊத்துனேன். அவரோட கேன் காலி, அதனால நம்ம லோரிக்கு வாங்குன மிஞாக் ஹீத்தாம், அந்தக் கறுப்பு எஞ்சின் எண்ணெய்லேருந்து ஊத்துனேன். நல்ல சாமான், கெட்டியா இருக்கும். ஏன், இன்னும் வேணுமா?"

ஃபோன் ஒலிபெருக்கியில் இருந்தது. சேகர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். குணாளன் ஊற்றியது அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய மெல்லிய எண்ணெய். அண்ணி ஊற்றியது பக்கத்துக் கடையில் எது கிடைத்ததோ அது.

"பினாங்கு ரோஜாக்" என்றார் சேகர், பழமும் காயும் குழம்பும் கலந்த அந்தத் தீனியைச் சொல்லி. "எஞ்சினுக்குள்ள ரோஜாக் வித்திருக்கீங்க."

"ஊத்துனா எப்படிப்பா அழுத்தம் கொறையும்? கூடத்தானே செய்யணும்?" என்று ஹமீது அண்ணன் ஃபோனிலேயே வாதாடினார்.

"அண்ணே, நீங்க தே தாரிக் டீ ஆத்துறவரு, ஒங்களுக்கே தெரியும். எண்ணெய் அளவோட இருந்தா எஞ்சின் தண்டு அதுக்கு மேல சுத்தும். அளவு மீறுனா தண்டு எண்ணெய்க்குள்ள முங்கி, சுத்துற வேகத்துல ஆத்து ஆத்துன்னு ஆத்திரும். எல்லாம் நொர. பம்பு எண்ணெய்யத் தள்ளும். நொரையத் தள்ளச் சொன்னா என்னா செய்யும்? அதான் முள்ளு நடுங்குச்சு. வெளக்கு எரிஞ்சுச்சு. வெளக்கப் பாத்து நீங்க இன்னும் ஊத்துனீங்க, இன்னும் நொர."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "டீக்குன்னா நொர நல்லதுதான்" என்றார் ஹமீது அண்ணன்.

அண்ணி அப்போதுதான் காரை விட்டு இறங்கினார். சிரிக்க ஆரம்பித்தவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சேகர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிற விஷயம் இல்ல மா. டீசல் எஞ்சின் இந்தக் கூடுதல் எண்ணெய்யவே உறிஞ்சிக் குடிச்சு ஓட ஆரம்பிச்சா, சாவிய அணைச்சாலும் நிக்காது. வெடிக்கிற வரைக்கும் ஓடும். நல்ல நேரம், மூணாவது கியரோட நிறுத்திக்கிட்டீங்க."

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்டது குணாளன். "இத்தன வருஷமா ஊத்துனோமே, அப்பல்லாம் ஏன் ஏறல? அதான் சொட்டிப் போயிருமே. இப்ப ஏன் சொட்டல?"

சேகர் விளக்கை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனார். பிறகு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பின் சீல் புதுசு. நல்லா மாத்தியிருக்காங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இருக்கும். இங்க சொட்டு ஈரம் இல்ல. கொஞ்சம் எரிஞ்சு போனது போக, ஊத்துனதெல்லாம் உள்ளேயே சேந்திருக்கு."

அண்ணியின் சிரிப்பு நின்றது. அவர் மாற்றவில்லை. குணாளன் மாற்றவில்லை. ஹமீது அண்ணன் மாற்றவில்லை.

நான் அன்று சாயங்காலம் ஃபோனில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வேலை அதுதானே. தீவில் இருந்த வொர்க்‌ஷாப்களில் யாருக்கும் தெரியவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர், காரின் நிறத்தைச் சொன்னதுமே, "கேமரா அண்ணன் வண்டியா?" என்றார். அவர்தான் மாற்றியிருக்கிறார். நீங்கள் இறந்ததற்கு முந்தின மாதம். நீங்கள் அவரிடம் சொன்னதாக அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஹரி ராயா பெருநாளுக்கு வீட்டுல போர்ச்சுத் தரைக்குப் புது ஓடு போடுறாங்க. அதுல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா மைமூன் என்னையும் காரையும் சேத்து ரோட்டுல நிறுத்திருவா."

இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் போர்ச்சுக்குப் போய் விளக்கைப் போட்டு, வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிர் ஓட்டில் ஒரு பொட்டு இல்லை. "நான் மழையில கழுவிக்கிட்டுப் போகுதுன்னு நெனச்சேன் சரோ" என்றார். பிறகு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மனுஷன்" என்றார்.

ஏன் அண்ணே சொல்லவில்லை? ஹரி ராயா அன்று சொல்லலாம் என்று வைத்திருந்தீர்களா? இல்லை, எல்லாரும் வந்து ஊற்றிவிட்டு, ஒரு தேநீர் குடித்து, அரட்டை அடித்துவிட்டுப் போவது நின்றுவிடும் என்று நினைத்தீர்களா? இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் இல்லை. எது சரி என்று எழுத மாட்டேன்.

மறுநாள் சேகர் ரோஜாக் முழுவதையும் வடித்துவிட்டு, அடித்தொட்டியைக் கழற்றி, எண்ணெய் உறிஞ்சும் வலையையும் பார்த்தார். அடைப்பு இல்லை. புது வடிகட்டி, உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற கனமுள்ள எண்ணெய், அளவுக் கம்பியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில். முள் மானியை மாட்டி, எஞ்சினைச் சூடேற்றினார். இந்த முறை யாரும் பேசவில்லை, குணாளன்கூட. முள் இறங்கியது, இறங்கி ஒரு பாருக்குச் சற்று மேலே நின்றது. நடுங்கவில்லை. அண்ணி அதையே பார்த்துக்கொண்டு, "இது போதுமா?" என்று கேட்டார்.

"இந்த வயசு எஞ்சினுக்கு இது நல்ல அழுத்தம் மா. ஆனா நான் இன்னைக்கே சத்தியம் பண்ண மாட்டேன். நொரையோட ஓடுன நாள்ல பேரிங் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு இப்பத் தெரியாது. ரெண்டு வாரம் ஓட்டுங்க. நாலாவது கியரும் போடுங்க, அதுக்கும் வேல வேணும். அப்புறம் கொண்டாங்க, திரும்ப மாட்டிப் பாக்கலாம். முள்ளு இதே எடத்துல நின்னா, இன்னும் பல வருஷம் ஓடும். எறங்குனா, நான் ஒங்ககிட்ட நேரா சொல்லிருவேன்."

இதை மகனிடம் எப்படிச் சொல்வது என்று அண்ணிக்குத் தயக்கம். மறைக்க வேண்டாம், நல்லதையும் பாக்கியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னார். ஹமீது அண்ணனின் நுரை வரும் இடத்தில் ரியாஸ் சிரித்துவிட்டான். சீல் விஷயம் வந்ததும் இடைமறித்துக் கேட்டான்.

"அத்தாவா மாத்துனாங்க?"

"ஆமாடா."

"யாருக்கும் சொல்லாமயா?"

"எனக்கே சொல்லல. ஒனக்குச் சொல்லுவாரா?"

பழைய இரும்புக்காரரை அவன் ரத்து செய்யவில்லை அண்ணே, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். "மெக்கானிக் திரும்பச் செக் பண்ணட்டும், அப்புறம் பேசலாம்" என்றான். ஃபோனை வைக்கப் போனவன், வைக்காமல் ஒன்று கேட்டான்.

"அம்மா, சனிக்கிழம நான் கார்ல வரல. பஸ்ஸுல வரேன். சுங்கை நிபோங் ஸ்டேஷனுக்கு நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போறீங்களா?"

அண்ணி கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தன மணிக்குன்னு சரியா சொல்லு. என்னைய நிக்க வைக்காத, அங்க பார்க்கிங் கெடைக்காது" என்றார்.

அன்றிலிருந்து அண்ணி சுங்கை நிபோங்குக்கு ஒத்திகை போய்க்கொண்டிருக்கிறார். மூன்று வழி பார்த்துவிட்டார். ஒரு வழியில் வலப்பக்கம் திரும்புவது பிடிக்கவில்லை, ஒன்றில் லோரி அதிகம். மூன்றாவதில் நேற்று முதல்முறையாக நாலாவது கியர் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் முன்னால் பாருங்கள் என்றேன்.

இன்றைய நிலவரப்படி முடிவு தெரியாதவை இரண்டு. சேகர் மறுபடி முள் மானி மாட்டுவது வரும் வியாழக்கிழமை. ரியாஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா ஓட்டும் காரில் ஏறுவது சனிக்கிழமை மத்தியானம். முதலாவதை முள் சொல்லும். இரண்டாவதை அவன் வாயால் சொல்ல வேண்டும். பின் ஆசனத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கியதும் அவன் தன் அம்மாவிடம் சொல்லும் முதல் வார்த்தையை, நல்லதோ கெட்டதோ, ஒரு எழுத்தும் மாற்றாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அதுவரை எண்ணெயை யாரும் தொட மாட்டோம்.

உங்கள் உடன்பிறவாத் தங்கச்சி,
சரோஜா
கெலுகோர்